வானிலிருந்து கம்பம் பள்ளத்தாக்கு: செயற்கைக்கோள் படத்தின் விநோதங்களைப் படித்தல்

கணினியிலோ கைபேசியிலோ செயற்கைக்கோள் படத்தைத் திறந்து, தேனியிலிருந்து முல்லையாற்றின் போக்கிலேயே தென்மேற்கே நகருங்கள். வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று ஊர்கள் வரிசையாக வரும். ஆற்றின் இரு பக்கமும் வயல். எங்காவது ஓரிடத்தில் நேர்கோடு ஒன்று குறுக்கே ஓடுவதைப் பார்ப்பீர்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம் நட்ட நெல்லின் பச்சை, இந்தப் பக்கம் அறுத்துப் போட்ட வயலின் பழுப்பு. சில இடங்களில் ஒரே வயல் பாதி பச்சையாகவும் பாதி காய்ந்தும் கிடக்கும். சாலைகூட அந்தக் கோட்டில் இரண்டு மூன்று மீட்டர் விலகி மறுபடி தொடங்கும்.

வயலில் ஒன்றும் நடக்கவில்லை. கோட்டின் இரு பக்கமும் வெவ்வேறு நாளில் எடுத்த படங்கள். நாம் ஒரே படமாகப் பார்ப்பது, பல நாள்களில், சில சமயம் பல ஆண்டுகளில், வெவ்வேறு செயற்கைக்கோள்கள் எடுத்த துண்டுகளை ஒட்டிச் சேர்த்தது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் இந்த அத்தியாயத்தில் வரும் விநோதங்களில் பெரும்பாலானவை தாமாகவே விளங்கும். எதைக் கண்டாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள்: இது எந்த நாள் எடுத்தது? எந்தக் கோணத்திலிருந்து எடுத்தது? நான் பார்ப்பது படமா, படத்தின் மேல் வரைந்த கோடா?

நாளைக் கண்டுபிடிப்பது

கூகுள் மேப்பின் அடியில் சிறிய எழுத்தில் ஓர் ஆண்டு தெரியும். அது உரிமைக் குறிப்பின் ஆண்டு. படம் எடுத்த ஆண்டு அதுவல்ல. இதைப் பார்த்துவிட்டு, "போன வருடப் படத்திலேயே இந்தக் கட்டடம் இல்லையே" என்று வாதாடுகிறவர்கள் நிறைய. கணினியில் கூகுள் எர்த் நிறுவி, போதிய அளவு நெருங்கிப் போனால் எடுத்த தேதியைக் காட்டும். அங்கேயே பழைய படங்களைப் பார்க்கும் வசதியும் உண்டு. காலக்கோட்டை இழுத்தால் பள்ளத்தாக்கு பின்னோக்கி நகரும்.

தேதி கிடைக்காத இடத்தில் நிலமே தேதி சொல்லும். கம்பம் பள்ளத்தாக்கில் இருபோகம் விளைவது 14,707 ஏக்கர். முதல் போகத்துக்குப் பெரியாறு அணையிலிருந்து தண்ணீர் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 1. எனவே கூடலூரிலிருந்து பழனிசெட்டிபட்டி வரையிலான வயல்கள் கருத்து, நீர் நின்று மினுங்கினால் அது உழவு, நடவுக் காலம். அடர்ந்த பச்சை என்றால் நட்டு ஒரு மாதமாவது ஆகியிருக்கும். ஆற்றுப் பாசனத்துக்கு வெளியே உள்ள நிலம் வேறு கணக்கில் பச்சை கட்டும். அந்தப் பக்கத்துக் கண்மாய்களை நிரப்பும் பதினெட்டாம் கால்வாயில் தண்ணீர் வருவது பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையை ஒட்டித்தான். அந்தக் கண்மாய்கள் நிறைந்திருந்தால், படம் அந்தப் பருவத்தை ஒட்டியோ அதற்குப் பின்னோ எடுத்தது என்று கொள்ளலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் ஏமாறாதீர்கள். படம் சேர்ப்பவர்கள் மேகம் இல்லாத நாளையே தேர்ந்தெடுப்பார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்குத் தொடர்ச்சி மலை மேகத்துக்குள் இருக்கும். ஆகவே மேகமலையும் போடி மெட்டுப் பக்கமும் பெரும்பாலும் ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான முகத்தோடுதான் படத்தில் நிற்கும். மழையில் குளித்த மலையை அதில் தேடக் கூடாது. "காடே காய்ந்து போச்சு" என்று படத்தைப் பார்த்துச் சொல்லும் முன், அது கோடைப் படமா என்று பாருங்கள். ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல்-2 படங்களைக் கோப்பர்நிக்கஸ் பிரவுசரில் இலவசமாகப் பார்க்கலாம். ஒரு பிக்சல் 10 மீட்டர் என்பதால் வீட்டைத் தேட முடியாது. ஆனால் ஐந்து நாளுக்கு ஒருமுறை புதிய படம் வரும், ஒவ்வொன்றிலும் தேதி இருக்கும். பயிர், காட்டுத்தீ, அணைநீர் மூன்றுக்கும் நான் முதலில் போவது அங்குதான்.

தேதியைப் பழகிக்கொள்ள நல்ல பயிற்சிக் களம் மதுரை – போடி ரயில் பாதை. மீட்டர்கேஜ் பாதை 2010 முடிவோடு நிறுத்தப்பட்டது. அகலப்பாதையில் தேனி வரை ரயில் ஓடத் தொடங்கியது 2022 மே மாதம். போடி வரை ஓடியது 2023 ஜூனில். இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளின் படங்களை ஆண்டிபட்டி கணவாயிலிருந்து மேற்கே வரிசையாகப் பாருங்கள். பழைய தடம் மங்கி, புதர் ஏறி, பின் மண்மேடு அகன்று, ஜல்லி விரித்த வெளிர்நிறப் பட்டையாக மாறும். எந்தத் துண்டு எந்த ஆண்டுப் படம் என்று ரயில் பாதையின் நிலையை வைத்தே சொல்லிவிடலாம்.

நிழலின் திசை

இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும் கற்றுக்கொள்வதென்றால் நிழலைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். நிலத்தைப் படமெடுக்கும் செயற்கைக்கோள்களில் பல, ஓர் இடத்தைக் காலை பத்து, பத்தரை மணிச் சூரியனில் கடக்கும்படி வட்டமிடுகின்றன. இது அந்தந்த ஊர்ச் சூரிய நேரம். தேனி, இந்திய நேரத்துக்குரிய தீர்க்கரேகைக்கு ஐந்து பாகை மேற்கே இருப்பதால், நம் கடிகாரத்தில் சுமார் இருபது நிமிடம் கூட்டிக்கொள்ள வேண்டும்.

வெளிநாட்டு வழிகாட்டிகளில் "நிழல் எப்போதும் வடக்கே விழும்" என்று படித்திருப்பீர்கள். ஐரோப்பாவுக்கு அது சரி. நாம் பத்தாவது பாகையை ஒட்டி இருக்கிறோம். ஏப்ரல் நடுவில் சூரியன் நம் தலைக்கு மேல் கடந்து வடக்கே போகிறது. ஆகஸ்டு கடைசியில்தான் திரும்பி வருகிறது. எனவே டிசம்பர் படத்தில் காலைச் சூரியன் தென்கிழக்கே நிற்கும், நிழல் வடமேற்கே நீளும். ஜூன் படத்தில் சூரியன் வடகிழக்கே இருக்கும், நிழல் தென்மேற்கே விழும். நீளமும் மாறும். பத்தரை மணிச் சூரியனில் டிசம்பரில் நிழல் ஏறத்தாழ பொருளின் உயரத்தில் ஆறில் ஐந்து பங்கு, ஜூனில் பாதிக்கும் சற்றுக் குறைவு. தேதி தெரியாத படத்தில் ஒரு கோபுரத்தின் நிழலைப் பார்த்தே கோடையா மார்கழியா என்று பிரித்துவிடலாம்.

இதைப் பழக நம் மாவட்டத்தைவிட நல்ல இடம் கிடைக்காது. கண்டமனூர் பக்கமும் காமாட்சிபுரம், ஓடைப்பட்டி பக்கமும் காற்றாலைகள் வெட்டவெளியில் நிற்கின்றன. ஒரு காற்றாலையை நெருங்கிப் பாருங்கள். தரையிலிருந்து இரண்டு கோடுகள் இரண்டு திசையில் கிளம்பும். கருங்கோடு நிழல். வெள்ளைக் கோடு கோபுரமே, சாய்ந்து விழுந்தாற்போல் தெரியும். கோபுரம் சாயவில்லை. செயற்கைக்கோள் நேர் மேலே நில்லாமல் பக்கவாட்டிலிருந்து எடுத்ததால் அப்படித் தெரிகிறது. ஒரே நாள் எடுத்த துண்டில் எல்லாக் கோபுரங்களும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும். பக்கத்துத் துண்டுக்கு நகர்ந்தால் சாய்வு மாறும். இரண்டு துண்டும் சேரும் கோட்டில் நிற்கும் காற்றாலைக்குத் தலை ஒரு நாளிலும் கால் இன்னொரு நாளிலும் இருக்கும். தலையே இல்லாமல் நிழல் மட்டும் கிடப்பதும் உண்டு. காற்றாலையின் இடத்தைக் குறிக்க வேண்டுமானால் இரண்டு கோடும் பிரியும் அடிப்பகுதியைத்தான் குறிக்க வேண்டும்.

இன்னும் ஒன்று. காற்றாலையின் முகம் காற்றை நோக்கித் திரும்பி நிற்கும். மேலிருந்து பார்க்கையில் இறக்கைகள் ஒரு மெல்லிய கோடாகத் தெரியும். அதற்குக் குறுக்கான திசையே அந்த நேரத்துக் காற்றின் திசை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதத்துப் படமா, வாடைக் காலத்துப் படமா என்று இதிலிருந்தும் ஊகிக்கலாம். நிழல் சொல்வதும் காற்று சொல்வதும் ஒத்துப்போனால் ஊகம் உறுதியாகும்.

நிழல் கண்ணையும் ஏமாற்றும். வெளிச்சம் மேலிருந்து வருவதாகவே நம் மூளை எடுத்துக்கொள்கிறது. டிசம்பர், ஜனவரிப் படத்தில் வெளிச்சம் திரையின் கீழ் வலப்பக்கத்திலிருந்து வருவதால், மேகமலைச் சரிவின் ஓடைகள் முகடுகளாகவும் முகடுகள் ஓடைகளாகவும் புரண்டு தெரியும். ஆறு மலையுச்சியில் ஓடுவதுபோல் இருந்தால் படத்தைத் தெற்கு மேலே வரும்படி திருப்புங்கள். பள்ளம் பள்ளமாகிவிடும்.

மேகத்தின் நிழலையும் இங்கே சொல்லிவிடுகிறேன். மேகம் வெள்ளையாக ஓரிடத்திலும் அதன் நிழல் கருந்திட்டாகச் சற்றுத் தள்ளியும் விழும். துண்டுகளை ஒட்டும்போது மேகம் வெட்டுப்பட்டுப் போய், நிழல் மட்டும் மிஞ்சும். காட்டின் நடுவே பெயரில்லாத கரிய ஏரியோ எரிந்த திட்டோ தெரிந்தால், வேறு தேதிப் படத்தில் அதே இடத்தைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

மலையின் மேல் வழியும் சாலை

முப்பரிமாணக் காட்சிக்கு மாறினால் வேறொரு வகைக் கோளாறு காத்திருக்கிறது. லோயர்கேம்ப் நீர்மின் நிலையத்துக்குப் போங்கள். குமுளி மலையிலிருந்து தண்ணீரை இறக்கும் ராட்சதக் குழாய்கள் தட்டைப் படத்தில் நேராக, தெளிவாக இருக்கும். முப்பரிமாணத்தில் அவை நெளிந்து, பாறையில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். மலையின் உயரம் ஒரு தனித் தரவு. அதன்மேல் தட்டைப் படத்தை ஈரத்துணிபோல் விரித்துப் போடுகிறார்கள். உலகெங்கும் இதற்கு அடிப்படையாக இருக்கும் உயரத் தரவுகளில் முக்கியமானது, 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் பதினொரு நாள் ரேடாரால் அளந்தது. அதில் முப்பது மீட்டருக்கு ஒரு புள்ளிதான். குழாயும் பாலமும் அணையின் செங்குத்துச் சுவரும் அந்த இடைவெளிக்குள் மறைந்துவிடும். போடி மெட்டுச் சாலையின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள் முப்பரிமாணத்தில் ஏறி இறங்கி அலையடிப்பதும், செங்குத்துப் பாறையில் மரங்கள் கோடு கோடாக இழுபட்டிருப்பதும் இதனால்தான். மலையேற்றத்துக்குச் சரிவைக் கணிக்கும்போது, படம் காட்டுவதைவிடப் பாறை செங்குத்தாக இருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

உயரத் தரவில் வரும் பிழை இடத்தையும் நகர்த்தும். செயற்கைக்கோள் இருபது, முப்பது பாகைச் சாய்வில் எடுத்த படத்தில் உயரம் முப்பது மீட்டர் தவறினால், அந்தப் புள்ளி பதினொன்று முதல் பதினேழு மீட்டர் வரை தள்ளி விழும். மலையடிவாரத் தோட்டங்களில் இது சாதாரணம். கைபேசியில் வரப்பைக் காட்டி, "உன் வேலி என் நிலத்தில் இருக்கிறது" என்று அண்ணன் தம்பிகள் சண்டைக்குப் போகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நில எல்லைக்கு வருவாய்த் துறையின் எஃப்.எம்.பி. புலப்படமும் சர்வேயர் அளவும்தான் ஆதாரம். பழைய, புதிய படங்களை மாற்றி மாற்றிப் பாருங்கள், அதே வேலி தேதிக்குத் தேதி நகரும். அப்படி நகர்வதே இந்தப் படத்தை எல்லைக்கு நம்பக் கூடாது என்பதற்குச் சாட்சி.

இரண்டு கரை உள்ள ஏரி

பெரியாறு ஏரியையும் வைகை அணையையும் செயற்கைக்கோள் காட்சியிலும் சாதாரண வரைபடக் காட்சியிலும் மாற்றிப் பாருங்கள். இரண்டிலும் கரை ஒன்றாக இருக்காது. நீலநிறத்தில் வரைந்த எல்லை யாரோ ஒருமுறை வரைந்து நிறுத்தியது. படம், எடுத்த நாளின் தண்ணீரைக் காட்டுகிறது. 1959இல் திறந்த வைகை அணையின் முழு மட்டம் 71 அடி. தண்ணீர் குறைந்த ஆண்டின் படத்தில் நீலக்கோட்டுக்குள் வண்டித்தடமும் பச்சைத் திட்டும் தெரியும். 'ஏரிக்குள் சாலை' என்று வியப்பவர்கள் பார்ப்பது இதைத்தான்.

பெரியாற்றில் இந்தக் கரைக்கு ஒரு வரலாறே இருக்கிறது. பொறியாளர் பென்னிகுவிக் கட்டி 1895இல் முடித்த அணையின் முழு மட்டம் 152 அடி. 1979இல் அது 136 அடியாகக் குறைக்கப்பட்டது. 142 அடி வரை தேக்கலாம் என்ற 2014 மே மாதத்து உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு அதே ஆண்டு நவம்பரில், 35 ஆண்டுகள் கழித்து, தண்ணீர் அந்த மட்டத்தைத் தொட்டது. அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் எழுபதுகளிலிருந்தே கிடைக்கின்றன. பழைய படங்களையும் 2014 நவம்பருக்குப் பிந்தைய படங்களையும் அடுத்தடுத்து வைத்து ஏரியின் கிளைகளைப் பாருங்கள். கோடையில் அந்தக் கிளைகளின் ஓரத்தில் செந்நிற வளையம் தெரியும், மழைக்குப் பின் அது மறையும். நம் வயலுக்கு வரும் தண்ணீரின் கணக்கை வானிலிருந்து பார்க்கும் காட்சி அது. மாணவர்களுக்கு இதைக் காட்ட வேண்டும் என்பது என் ஆசை.

வரைந்த கோட்டை அப்படியே நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு உலகறிந்த சான்று சாண்டி தீவு. ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே, பசிபிக்கில், ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக வரைபடங்களில் இருந்தது. கூகுள் மேப்பிலும் இருந்தது. 2012 நவம்பரில் சதர்ன் சர்வேயர் என்ற ஆய்வுக் கப்பல் அந்த இடத்துக்கே போனது. தீவு இல்லை, ஆயிரம் மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் கடல்தான் இருந்தது.

வானவில் விமானம், காடு போன்ற தோட்டம்

சென்டினல் படத்தில் மலைக்கு மேல் நீலம், பச்சை, சிவப்பு என்று மூன்று சிறு சிலுவைகள் அடுத்தடுத்து நின்றால், அவை பறக்கும் ஒரே விமானம். மூன்று நிறங்களையும் அந்தக் கருவி ஒரே கணத்தில் எடுப்பதில்லை. முதல் நிறத்துக்கும் கடைசி நிறத்துக்கும் இடையே சுமார் ஒரு விநாடி. அதற்குள் விமானம் இருநூறு மீட்டருக்கு மேல் போய்விடுகிறது. நகராத பொருளுக்கு இப்படி நிறம் பிரியாது.

தோட்டங்களைப் பொறுத்தவரை, பழகிய கண் எளிதில் பிரித்துவிடும். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையின் பந்தல், மேலிருந்து வழவழப்பான கரும்பச்சைக் கட்டமாக இருக்கும். கவாத்து செய்த பின் அதே கட்டத்தில் கல்தூண் வரிசை புள்ளி புள்ளியாகத் தெரியும். தென்னை நட்சத்திரம் நட்சத்திரமாகத் தெரியும். மேகமலைத் தேயிலை சரிவோடு வளைந்த வரிகளாக இருக்கும். ஏமாற்றுவது ஏலக்காய்தான். மர நிழலில் வளரும் பயிர் என்பதால் கம்பம் மெட்டுக்கு மேற்கே, கேரளப் பக்கத்து ஏலத்தோட்டங்கள் அடர்காடாகவே தெரியும். காட்டின் பரப்பைப் படத்திலிருந்து அளக்கப் போகிறவர்கள் அங்கே கவனமாக இருக்க வேண்டும்.

தவறான ஊருக்குப் போகாமலிருக்க

ஆங்கிலத்தில் கம்பம் என்று தேடினால் ஆந்திரத்தில் பெரிய ஏரியோடு இருக்கும் இன்னொரு கம்பமும் வரும். கூடலூர் என்றால் நீலகிரிக் கூடலூர் முந்திக்கொள்ளும். தேடும்போது மாவட்டப் பெயரைச் சேர்த்தே எழுதுங்கள்.

அட்சரேகை, தீர்க்கரேகை எண்களில் இரண்டு பிழைகள் அடிக்கடி நேர்கின்றன. கம்பம் 9 பாகை 44 கலை வடக்கு, 77 பாகை 17 கலை கிழக்கு. ஒரு பாகைக்கு அறுபது கலை என்பதால் தசமத்தில் இது 9.73, 77.28 ஆகும். கணக்கிடாமல் 9.44, 77.17 என்று தட்டினால் புள்ளி முப்பது கிலோமீட்டருக்கு மேல் தெற்கே நகர்ந்து, சபரிமலைக்குக் கிழக்கே பெரியாறு புலிகள் காப்பகத்துக் காட்டில் விழும். எண்களை முன்பின்னாக மாற்றிப் போட்டால் வட துருவத்தை ஒட்டிய ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு மேற்கே, கடலில் நிற்பீர்கள். திரையில் கடல் தெரிந்தால் எண்களை இடம் மாற்றுங்கள்.

வழித்தடம் காட்டுவதிலும் விநோதம் உண்டு. குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷன் மலைக்கு மேல் மிக அருகில். ஒரு காலத்தில் மூணாறு தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறங்கிப் போடிக்குப் போனது. இன்று காரில் போக வழி கேட்டால், போடி மெட்டு ஏறி மூணாறு சுற்றி நூறு கிலோமீட்டருக்கு மேல் காட்டும். அது பிழையல்ல, சாலை அப்படித்தான். கொழுக்குமலையும் தேனி மாவட்டம்தான், ஆனால் ஜீப் போவது கேரளத்துச் சூரியநெல்லி வழியாக. இதற்கு நேர்மாறான காட்சியே ஆபத்தானது: படத்தில் மெல்லிய கோடாகத் தெரியும் காட்டுத்தடத்தை நடைபாதை என்று காட்டுவது. மலையேறச் சென்றவர்கள் பலர் சிக்கி உயிரிழந்த 2018 மார்ச் 11 குரங்கணிக் காட்டுத்தீயை இந்த மாவட்டம் மறக்காது. தடம் கண்ணுக்குத் தெரிவதாலேயே அதில் போக அனுமதி இருப்பதாகவோ, போவது பாதுகாப்பு என்றோ ஆகிவிடாது. வனத்துறையிடம் அனுமதி கேட்டு, அந்தப் பருவத்தில் பாதை திறந்திருக்கிறதா என்று உறுதி செய்துகொண்ட பிறகே கிளம்புங்கள்.

பிழையைத் திருத்துவது

கண்ட பிழையை விட்டுவிட்டு வராதீர்கள். வரைபட நிறுவனத்துக்கு எழுதி அனுப்பும்போது நான்கு விவரங்கள் போதும்: தசமத்தில் அட்சரேகையும் தீர்க்கரேகையும், படத்தின் தேதி, திரைப்படி (ஸ்கிரீன்ஷாட்), தரையில் உண்மையில் என்ன இருக்கிறது என்று ஒரு வரி. இடத்தில் எடுத்த நிழற்படம் சேர்ந்தால் இன்னும் நல்லது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத்தில் கணக்குத் தொடங்கி நீங்களே திருத்தலாம். தமிழ்ப் பெயருக்கென்றே அங்கே தனி இடம் இருக்கிறது. ஒரு விதி மட்டும் முக்கியம்: வேறு வரைபடத்திலிருந்து பெயரை எடுத்து அங்கே எழுதக் கூடாது. கண்மாயின் பெயர் தெரியவில்லை என்றால் அந்தக் கண்மாய்ப் பாசனத்தில் உழுகிறவரிடம் கேளுங்கள். மடை எத்தனை, மறுகால் எந்தப் பக்கம், எந்த ஓடையில் போய்ச் சேருகிறது என்பதையும் அப்போதே கேட்டு, அன்றைக்கே பதிந்துவிடுங்கள்.